ஓடு இறக்கிய ஐப்பசி

கஞ்சி இன்னும் சூடாகத்தான் இருந்தது. எமரன்சியா ஒரு கரண்டி அள்ளி ஊதினாள், ஊதியதை மறந்து இன்னொரு தரம் ஊதினாள், ஆறியே போய்விட்டதோ என்று தன் உதட்டில் வைத்துப் பார்த்தாள். கொற்றங்குளம் கான்வென்டின் தலைவி, காலை நேரத்தில் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ஆட்களை விரட்டிக்கொண்டிருக்க வேண்டியவள், நோயாளி அறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கஞ்சி ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்கு மனசு உருகத்தான் செய்யும். என்ன தாழ்மை என்பார்கள். தாழ்மையாவது ஒன்றாவது. பாக்கியத்தை இன்றைக்கு இந்த அறைக்குள் விடக்கூடாது, அவ்வளவுதான். தினமும் கஞ்சி கொடுக்கிறவள் பாக்கியம். அவள் வாயில் எதுவும் தங்காது. ஜன்னலில் எட்டிப் பார்த்து, "மதர், நம்ம ஹாலை இடிக்காவ, ஒரே புழுதி" என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிடுவாள். அதனால் அவளை மார்க்கெட்டுக்கு அனுப்பியாயிற்று. ஜன்னலையும் சாத்தியாயிற்று. சாத்தி என்ன பிரயோசனம், ஜேசிபியின் உறுமல் தரை வழியாக வந்து, கட்டில் கால் வழியாக ஏறி, படுத்திருக்கிறவரின் முதுகுக்குள் போகிறது. போகிறதா? போகிறது. போர்வைக்கு மேல் கிடக்கிற விரல்கள் அசைகின்றன. செபமாலை உருட்டுகிற அசைவா, சத்தத்தைத் தொட்டுப் பார்க்கிற அசைவா என்று எமரன்சியாவுக்குத் தெரியவில்லை.

மதர் டெக்லனுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. கண் போய்ப் பல வருஷம். அயர்லாந்தில் வாட்டர்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, மடத்தில் சேர்ந்தபோது ஊர்ப் புனிதர் ஒருவரின் ஆண் பெயரைச் சூட்டிக்கொண்டு, சின்ன வயசிலேயே கப்பலேறி இங்கே வந்தவர். ஹாஸ்டல் பிள்ளைகளிடம் தமிழ் கற்றுக்கொண்டதால் அவருக்கு வந்தது புத்தகத் தமிழ் அல்ல, தாமிரபரணித் தண்ணீர் குடித்த தமிழ். அந்த வெளுத்த முகத்திலிருந்து 'ஏட்டி' என்று வரும்போது புதிதாக வருகிற பிஷப்மார்கூட ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். கூட வந்த அயர்லாந்துக் கன்னியர் எல்லோரும் பின்பக்கத் தோட்டத்தில் ஒரே அளவுச் சிலுவைகளின் கீழே படுத்துவிட்டார்கள். இவர் ஒருவர்தான் பாக்கி.

"ஏட்டி எமரன்சி, ஓடு மாத்துதாவளா?"

"ஆமா மதர்."

"பைய மாத்தச் சொல்லு. அந்தக் காலத்து ஓடு, ஒடஞ்சிரும்."

"சொல்லுதேன் மதர்."

ஆமா என்பது எவ்வளவு சின்ன சொல், வாயைப் பாதி திறந்தால் வெளியே வந்துவிடுகிறது. பெரிய பொய்க்குத்தான் யோசிக்க வேண்டும், ஜோடிக்க வேண்டும். இதற்கு ஒன்றும் வேண்டாம். வாரா வாரம் பாவசங்கீர்த்தனத்தில் முழங்கால் போடும்போது 'சிறு பொய்கள் சொன்னேன் சாமி' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம், சாமியும் எதைப் பற்றி என்று கேட்பதில்லை, வயசான சிஸ்டர்மார் என்ன பெரிதாகப் பொய் சொல்லப்போகிறார்கள், மருந்து சாப்பிட்டேன் என்பார்கள், மிக்சர் தின்னவில்லை என்பார்கள். இந்த ஆமாவுக்குப் பின்னால் எத்தனை ஆமா வரிசையில் நிற்கிறது. 'என்னைய ஒருக்கா ஹாலுக்குக் கூட்டிட்டுப் போட்டி' என்று மதர் கேட்க ஆரம்பித்து மாசக்கணக்காகிறது. சக்கர நாற்காலி இருக்கிறது, தள்ளுவதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், போகும் வழியெல்லாம் சிமென்ட் போட்ட பாதை. 'ரிப்பேர் நடக்கு மதர், தூசி, உங்களுக்கு இருமல் வந்துரும்.' இருமல் வரும் என்பது உண்மைதான். உண்மையைத் துணைக்கு வைத்துக்கொண்டு சொல்கிற பொய்க்கு ஒரு தெம்பு வந்துவிடுகிறது. மதர் அதற்குமேல் கேட்கவும் மாட்டார். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவர். தன்னிடம் படித்த பிள்ளை தனக்குத் தலைவியாக வந்தாலும் தலைவி தலைவிதான். அந்தக் கீழ்ப்படிதல்தான் எமரன்சியாவுக்கு முள்ளாகக் குத்துகிறது. சண்டை போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கரண்டி உதட்டில் பட்டதும் மதர் வாய் திறந்தார். முழுங்கினார். வெளியே ஏதோ சரிந்தது, கொஞ்சம்தான், சுண்ணாம்புக் காரை சலசலவென்று உதிர்கிற சத்தம். ஹாலின் மேற்குச் சுவராக இருக்கும். அந்த மேற்குச் சுவரைப் பற்றிப் பேசினால் சிரிப்புத்தான் வரும். ஹாலைக் கட்ட ஏற்பாடு செய்தவர் மதர் பிரிஜிட், இந்த நூற்றாண்டு இல்லை, போன நூற்றாண்டு பிறந்த புதிதில். அவருடைய அண்ணன் வாட்டர்ஃபோர்டில் கட்டடங்களுக்குப் படம் வரைகிறவர். தங்கைக்காகக் காசு வாங்காமல் வரைந்து அனுப்பிவிட்டார் மகராசன். இந்த ஊரை அவர் கண்ணால் கண்டதில்லை. அவர் ஊரில் வெயில் என்பது விருந்தாளி மாதிரி, வந்தால் உட்கார வைத்து உபசரிக்க வேண்டும்; அதனால் மேற்கே ஆளுயர ஜன்னல்களாக வரிசையாக வைத்துவிட்டார், மாலை வெயில் ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் உள்ளே விழும்படி. கொற்றங்குளத்து மாலை வெயில். மூன்று மணிக்கு மேல் அந்த ஹாலில் உட்கார்ந்தால் அவித்து எடுத்த பனங்கிழங்காக வெளியே வரலாம். அது போதாதென்று வடக்கே ஒரு கணப்பு. குளிர்காய. பளிங்கு விளிம்பும் புகைபோக்கியும் வைத்து, ஒரு கன்றுக்குட்டியை நிறுத்துகிற அகலத்துக்கு. கட்டின கொத்தனார்களும் படத்தில் இருக்கிறதே என்று ஒரு கேள்வி கேட்காமல் கட்டி முடித்திருக்கிறார்கள். ஒரு நாள்கூட அதில் நெருப்பு எரிந்ததில்லை. வெள்ளைக்காரி அடுப்பு என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். விளக்குமாறும் கோணிச் சாக்கும் அதற்குள் கிடக்கும், பூனை குட்டி போடும். கிழக்கு முகப்பில் உயரத்தில் ஒரு வட்ட ஜன்னல், அது மட்டும் அழகு, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், காலையில் அதன் வழியாக விழுகிற வெளிச்சம் தரையில் ஒரு தட்டு மாதிரிக் கிடந்து மெல்ல நகரும். அந்தத் தட்டு நகர்ந்து அடுப்பைத் தொட்டால் முதல் பீரியட் மணி அடிக்கப் போகிறது என்று அர்த்தம்.

அந்த அடுப்புக்குள் எமரன்சியா நின்றிருக்கிறாள். இங்கிலீஷ் பேச வேண்டிய நேரத்தில் தமிழ் பேசினால் அதுதான் தண்டனை, அடுப்புக்குள் போய் நில், முகத்தை வெளியே காட்டி. கூத்தன்குழியிலிருந்து வந்த புதுப் பிள்ளை, மீன்காரப் பிள்ளை என்று முதுகுக்குப் பின்னால் மூக்கைப் பொத்துவார்கள், அவளுக்கு எங்கே இங்கிலீஷ் வரும். 'தண்ணி' என்று கேட்டாள். தண்ணீர் கேட்டதற்கு நின்றாள். நிறுத்தியவர் அப்போது தலைமையாசிரியையாக இருந்த இதே மதர் டெக்லன், இன்றைக்கு 'ஏட்டி எமரன்சி' என்கிற இதே வாய். பளிங்கு விளிம்பு முழங்கையில் சில்லென்று பட்டது, ஊரே அவிகிற சித்திரை வெயிலில் அந்தக் கல் மட்டும் எப்படிச் சில்லென்று இருந்தது. அதெல்லாம் எப்போதோ மறந்தாகிவிட்டது. மன்னித்தும் ஆகிவிட்டது. மதரே பிற்பாடு ஒருநாள், 'நான் செஞ்சது தப்புட்டி, புத்தி கெட்டுப் போய் செஞ்சேன்' என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அந்தத் தண்டனையை நிறுத்தவும் செய்தார். பின்னே ஏன் இப்போது அது ஞாபகத்துக்கு வருகிறது. காலையில் ஜேசிபி முதலில் கணப்புப் பக்கம் போனபோது, ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எமரன்சியாவின் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று இதமாக இளகியதே, அது என்ன. புது பிளாக் வேண்டும், பிள்ளைகள் மரத்தடியில் படிக்கிறார்கள், ஒன்பதாம் வகுப்புக்கு இடம் இல்லாமல் லேபில் உட்கார வைத்திருக்கிறது. அத்தனையும் நிஜம். பிள்ளைகளுக்காகத்தான். பிள்ளைகளுக்காகத்தானே?

"ஏட்டி, என்ன யோசன? கஞ்சிய ஊத்துட்டி. கொழாயடியில கொடத்த வச்சுட்டு நிக்கிற மாரி இருக்க."

"இந்தா மதர்."

கண் தெரியாதவருக்கு எப்படித் தெரிகிறது. கரண்டி பல்லில் இடித்துவிட்டது. துண்டால் தாடையைத் துடைத்தாள். மெல்லிசான தாடை, உள்ளே எலும்பு தெரிகிற தோல். இந்த முகம் அழுது எமரன்சியா பார்த்ததில்லை. ஆனால் அழுத கதையைக் கேட்டிருக்கிறாள். மடத்தில் புதிதாகச் சேர்ந்து நவகன்னியாக இருந்த காலத்தில், சாப்பாட்டு அறையில், பேச அனுமதி உள்ள ஒரு திருநாளில் மதர் சிரித்துக்கொண்டே சொன்ன கதை. வந்து இறங்கிய புதிதில் மதருக்கு இந்த ஊர் பிடிக்கவே இல்லையாம். கொசு, வேர்க்குரு, சோறு இறங்கவில்லை, அடுத்த கப்பலில் திரும்பிவிடுவது என்று மனசுக்குள் முடிவாகிவிட்டதாம். அப்போதுதான் ஹாலுக்குள் கூட்டிப் போனார்கள். உள்ளே போனவர் அந்த வட்ட ஜன்னலைப் பார்த்தார், கணப்பைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டார். அது அவர் பிறந்த வீடு. மதர் பிரிஜிட்டின் அதே அண்ணன்தான் டெக்லனின் தாத்தாவுக்கும் வீடு கட்டிக் கொடுத்திருந்தார், ஹாலுக்கு முன்னாலேயே, அதே வட்ட ஜன்னல், அதே பளிங்கு விளிம்பு. மனுஷருக்குக் கைவசம் இருந்தது ஒரே படம்தான் போலிருக்கிறது என்று மதர் கிண்டல் செய்தார். 'அங்கன உள்ளது போயிட்டு. இங்கன உள்ளது நிக்கி. அதான் நானும் இங்கனயே நின்னுட்டேன்.'

அங்கே உள்ளது எப்படிப் போனது என்பதையும் அன்றைக்கே சொன்னார். அதுதான் வினை. அந்த ஊரில் அப்போது ஒரு சட்டம், கூரை உள்ள வீட்டுக்குத்தான் வரி. தாத்தாவுக்குப் பிறகு வீடு சித்தப்பாவிடம் வந்தது. பெரிய வீடு, வரி கட்டி முடியவில்லை. இடிக்கவும் கை வரவில்லை, ஊர் என்ன சொல்லும். ஒரு கோடைக்காலத்தில் ஆள் வைத்துக் கூரையை மட்டும் கழற்றினார். மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது. சுவரில் ஒட்டியிருந்த ரோஜாப்பூக் காகிதம் மாடி அறையில் நனைந்து தொங்குவதை மதர் பள்ளிக்கூடம் போகும் வழியில் தினமும் பார்ப்பாராம். 'யாரும் இடிக்கல பாத்துக்கோ. சித்தப்பா இடிக்கல, சர்க்கார் இடிக்கல. மழைதான் இடிச்சுது. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அப்படி ஒரு கெட்டிக்காரத்தனம்.' நவகன்னியர் எல்லோரும் சிரித்தார்கள். எமரன்சியாவும் சிரித்தாள். அந்தக் கெட்டிக்காரத்தனம் தனக்குள் எங்கேயோ போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது அவளுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரியாமலா, புது பிளாக்குக்காக ஹாலை இடிக்கப் போவதை எதிர்த்துப் பழைய மாணவிகள் கலெக்டரிடம் மனுக் கொடுத்து, ஹால் பழமையான கட்டடம், பலமாகவும் இருக்கிறது, தொடக்கூடாது என்று தடை வந்தபோது, அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது நனைந்து தொங்குகிற ரோஜாப்பூக் காகிதம்?

அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவள் கட்சி, ராத்திரியெல்லாம் தனக்குத்தானே வாதாடுகிற கட்சி. கான்ட்ராக்டர் வேலாயுதத்தைக் கூப்பிட்டு, 'ஓடு ஒழுகுது, இறக்கிப் புதுசு மாத்திருவோம்' என்றாள். ஒழுகத்தான் செய்தது, ஓரிரண்டு இடத்தில். வேலாயுதம் தலையைச் சொறிந்தார். 'புரட்டாசி முடியப்போவுதே மதர். மழை கழிஞ்சு இறக்குனா என்ன?' 'இப்பவே இறக்குங்க.' அவர் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், 'சரி மதர்' என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஓடு இறங்கியது. புது ஓடு வரவில்லை, அவள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. தார்ப்பாய் போடலாம் என்று இளம் சிஸ்டர் ஒருத்தி சொன்னபோது காற்றுக்கு நிற்காது என்றாள். ஐப்பசி வந்தது. அந்த வருஷம் ஊற்றிய ஊற்றலில் குளம் உடைத்துக்கொண்டது, எல்லோரும் வயலுக்காகக் கண்ணீர் விட்டார்கள். எமரன்சியா ராத்திரி படுக்கையில் கிடந்து மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, நின்றுவிடு ஆண்டவரே என்று செபித்தாள், நின்றுவிடாதே என்றும் அதற்கு அடியில் இன்னொரு செபம் ஓடியது, எது மேலே போய்ச் சேர்ந்தது என்று மழைக்குத்தான் தெரியும். கார்த்திகை முழுக்கப் பெய்தது. தை மாசம் எஞ்சினியர் வந்து குடைக் கம்பியால் மேற்குச் சுவரைக் குத்தினார், இட்லியில் குத்தின மாதிரி உள்ளே போயிற்று. தகுதியில்லாத கட்டடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய மாணவிகள் வந்து பார்த்து அழுதார்கள். 'என்ன செய்ய, மழை' என்றாள் எமரன்சியா. அவர்கள் அவளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னார்கள்.

மடியில் இருந்த செல்போன் அதிர்ந்தது. வேலாயுதம். எடுக்காமல் விட்டால் ஆள் இங்கேயே வந்து நிற்பார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைக் கையால் மறைத்துக்கொண்டு எடுத்தாள்.

"மதர், மத்ததெல்லாம் தொட்டா விழுது. இந்த முகப்புச் சுவரு மட்டும் அசையவே மாட்டேங்கு. வட்ட ஜன்னல் இருக்குல்லா, அது. சொட்டு ஈரம் எறங்கல. கல்லு கணக்கா நிக்கி. ஒண்ணு சொல்லட்டுமா மதர், அதை மட்டும் விட்டுருவோமா? புது பிளாக்குக்கு இடைஞ்சல் இல்ல. வாசல் மாரி நின்னுட்டுப் போவுது. பாக்கவும் நல்லாருக்கும்."

விட்டுவிடலாம். சரி என்று சொன்னால் போதும். நாளைக்கோ நாளை மறுநாளோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், மதரின் கையைப் பிடித்து அந்தச் சுவரில் வைக்கலாம், இந்தா மதர் உங்க வீட்டு ஜன்னல் என்று சொல்லலாம், கொஞ்சம் போச்சு மதர், இது இருக்கு என்று சொல்லலாம். ஆசையாக இருந்தது. நெஞ்சு வலிக்கிற அளவுக்கு ஆசையாக இருந்தது. அப்புறம் அந்தச் சுவர் நிற்கும். ஒவ்வொரு நாளும் நிற்கும். வருகிறவர் போகிறவர் எல்லோரும் நிமிர்ந்து பார்த்து, இத்தனை பலமான கட்டடமா விழுந்துவிட்டது என்பார்கள். எஞ்சினியர் சொன்னதைப் பொய் என்று சொல்லிக்கொண்டு அது ஆபீஸ் வாசலுக்கு நேர் எதிரே நிற்கும். பழைய மாணவிகளில் ஒருத்தியாவது, இது இப்படி நிற்கிறதென்றால் மற்றதும் நின்றிருக்குமே, ஓடுகளை ஏன் மழைக்கு முன்னால் இறக்கினீர்கள் மதர் என்று கேட்பாள். யாரும் கேட்காவிட்டாலும் அது கேட்கும்.

"தள்ளிருங்க," என்றாள்.

"மதர்..."

"தள்ளிருங்க வேலாயுதம்."

போனை வைத்தாள். இத்தனை மாசமாக எதையும் சொல்லாமலே செய்தவள் இப்போது வாயைத் திறந்து சொல்லிவிட்டாள், அதுவும் இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. மழை மேல் பழி போட இனி வழியில்லை. கிண்ணத்தை எடுத்தாள். கஞ்சியில் ஆடை படிந்திருந்தது. அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒரு கரண்டி அள்ளினாள், அது பாதி தூரம் போவதற்குள் ஜேசிபி உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது, பிறகு உறுமலே கேட்காதபடி ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கட்டில் ஒரு விரற்கடை நகர்ந்த மாதிரி இருந்தது. சுவரில் மாட்டியிருந்த மாதா படம் ஆடிச் சாய்ந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் அடங்கி, வெளியே யாரோ ஆண்கள் கத்திச் சிரிப்பது கேட்டது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பழைய சுண்ணாம்பு வாசனை உள்ளே வந்தது.

மதர் டெக்லன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தார்.

"ஓடு இல்ல, சுவருல்லா விழுது," என்றார்.

எமரன்சியாவின் கரண்டி பாதி வழியிலேயே நின்றது.

"ஓடு எப்பட்டி இறக்குனீய?"

இப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஏன் இடிக்கிறார்கள் என்று கேட்பார், அழுவார், திட்டுவார் என்றுதான் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருந்தாள். "போன வருஷம்... ஐப்பசிக்கு முந்தி, மதர்."

மதர் போர்வையின் ஓரத்தை விரலால் நீவினார். உதடு அசைந்தது. அந்த முகத்தில் கோபம் வருகிறதா என்று எமரன்சியா தேடிப் பார்த்தாள், வந்தால் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வரவில்லை. ரோட்டோரம் பள்ளிக்கூடப் பையோடு நிற்கிற ஒரு சின்னப் பிள்ளையின் முகமாக அது சுருங்கிப்போயிருந்தது.

"யாரு இறக்கச் சொன்னா?"

"எஞ்சினியர் வந்து... சர்க்காருல இருந்து..." நாக்கு தானாகவே போய்ப் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. "மேலிடத்துல சொன்னாங்க மதர்."

"சரி. செஞ்சவங்களுக்காவ ஒரு செபமால சொல்லுவோம். பாவம், மனசு கெடந்து அடிக்கும் அவியளுக்கு. எங்க சித்தப்பாவுக்கு அடிச்சுது. சாவுத முட்டும் அந்தப் பக்கம் போவ மாட்டாரு." தலையணைக்கு அடியில் துழாவிச் செபமாலையை எடுத்தார். சிலுவையை முத்தமிட்டார். பிறகு நிறுத்தினார். "பேரு சொல்லுட்டி. பேரில்லாம ஆருக்குன்னு வேண்டுதது?"

ஏதாவது ஒரு பெயர் சொல்லலாம். எஞ்சினியரின் பெயர் தெரியும். வேலாயுதத்தின் பெயர் நாக்கு நுனியில் நின்றது, அவர் இந்தப் பழியை வேண்டாம் என்றுகூடச் சொல்லமாட்டார். மதர் பார்வை இல்லாத முகத்தை அவள் பக்கம் திருப்பிக் காத்திருந்தார். கரண்டியில் இருந்த கஞ்சி எமரன்சியாவின் அங்கியில் சொட்டியது.

"எமரன்சியா," என்றாள். தன் குரல் யாரோ வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரிக் கேட்டது. "நான்தான் மதர். நான்தான் இறக்கச் சொன்னேன். உங்க சித்தப்பா கதை நீங்க சொன்னது... அதுலயிருந்துதான்."

சொல்லிவிட்டாள். இறங்கிவிடும் என்று நினைத்தது இறங்கவில்லை. மதர் கையை நீட்டவில்லை. கொஞ்சம் கழித்து நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எமரன்சியாவுக்காவ," என்றார், அந்தப் பெயர் வேறு யாருடையதோ போல, மரியாதையாக.

'அருள் நிறைந்த மரியே' என்று மங்களவார்த்தைச் செபத்தைத் தொடங்கினார். இந்த மடத்தில் அதைத் தனியாகச் சொல்வதில்லை. முதல் பாதியை ஒருவர் சொல்வார், பாவிகளுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிற பின்பாதியைப் பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். மதர் டெக்லன் சொன்ன முதல் பாதிகளுக்கு எமரன்சியா இத்தனை காலமாகப் பின்பாதி சொல்லியிருக்கிறாள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவாள். இப்போதும் தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தாள். முதல் பாதி முடிந்தது. மதர் நிறுத்தவில்லை. மூச்சுகூட விடாமல் பின்பாதியையும் தானே சொல்லி, ஆமென் சொல்லி, விரலால் அடுத்த மணியைத் தேடிப் பிடித்தார். அதையும் முழுசாகத் தானே சொன்னார். அதற்கு அடுத்ததையும். எமரன்சியா வாயைப் பாதி திறந்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.